பூஜைத் தட்டில் ஒரு கடலும் நான்கு ஆறுகளும்... தெரியுமா?

சில வீடுகளின் பூஜை அறையில் ஒரு சின்னச் செப்புத் தட்டு இருக்கும். அதில் உளியே படாத ஐந்து கற்கள். அதுதான் பஞ்சாயதனம்! ஆதிசங்கரர் வகுத்துத் தந்த வழிபாடு என்று மரபு சொல்கிறது. இஷ்ட தெய்வத்தின் கல் நடுவில், மற்ற நான்கும் நான்கு மூலைகளில். உள்ளங்கை அகலத் தட்டுதான். ஆனால் நேபாளத்திலிருந்து தஞ்சாவூர் வரை அதற்குள் அடக்கம் என்பது தெரியுமா?

முதலில் அந்தக் கறுப்புக் கல்லைப் பாருங்கள். விஷ்ணுவாக வணங்கும் சாளக்கிராமம்; நேபாளத்துக் காளி கண்டகி ஆற்றில் கிடைப்பது. உள்ளே சக்கரம்போல் சுருண்டிருக்கிறதே, அது என்ன தெரியுமா? ஒரு கடல் பிராணியின் ஓடு! அம்மோனைட் என்று பெயர். கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் உறவு. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் டெதிஸ் என்ற கடலில் நீந்தி, மடிந்து, சேற்றில் புதைந்து கல்லாகிப்போனது. அப்புறம் இந்தியாவைச் சுமந்த பாறைத்தட்டு வடக்கே நகர்ந்துபோய் ஆசியாவில் முட்ட, கடலின் தரையே இமயமலையாக எழும்பிவிட்டது. அந்த மலையை அறுத்துக்கொண்டு பாயும் கண்டகிதான் இந்தக் கற்களை உருட்டிக்கொண்டு வந்து கரையில் போடுகிறது. அந்தக் கண்டகிப் பகுதியில் உள்ள முக்திநாத் கோயில் இருப்பது 3,700 மீட்டருக்கும் மேலே. அந்த உயரத்து மலைகளில் கடல் உயிரின் சுவடு! வைணவர்களின் 108 திவ்ய தேசங்களில் ஒன்றான திருச்சாளக்கிராமம் அந்த முக்திநாத்தான் என்று பலரும் கொள்கிறார்கள். திருமங்கையாழ்வார் பாடிய தலம்.

இதைவிட என்னை மலைக்க வைப்பது இன்னொன்று. வஜ்ரகீடம் என்ற புழு கல்லைக் குடைந்துதான் அந்தச் சக்கரம் உண்டானது என்கிறது புராண மரபு. புதைபடிவம் என்ற பேச்சே எழாத காலத்தில், இதில் ஓர் உயிரின் கைவரிசை இருக்கிறது என்று கண்டுகொண்டார்களே, எப்பேர்ப்பட்ட கண்கள் அவை!

சிவனுக்கு நர்மதையின் பாணலிங்கம். பிள்ளையாருக்குச் சோன் ஆற்றின் செந்நிறச் சோணபத்திரக் கல். இந்த இரண்டு ஆறுகளும் எங்கே பிறக்கின்றன தெரியுமா? இரண்டுமே மத்திய இந்தியாவின் அமர்கண்டக் மலைப்பகுதியில்! நர்மதை மேற்கே ஓடி அரபிக் கடலில் கலக்கிறது. சோன் வடகிழக்காகத் திரும்பிப் பாட்னா பக்கம் கங்கையில் சேர்கிறது. அப்பாவுக்கும் பிள்ளைக்கும் உரிய ஆறுகள் ஒரே மலையில் பிறந்து, திசைக்கொன்றாகப் பிரிந்து, கடைசியில் உங்கள் வீட்டுத் தட்டில் பக்கத்துப் பக்கத்தில்! பாணலிங்கத்துக்குப் பிராணப் பிரதிஷ்டையும் தேவையில்லை என்பார்கள். சாளக்கிராமத்துக்கும் அப்படியே. அம்பாளுக்கு, காளஹஸ்தியைத் தொட்டு ஓடும் சுவர்ணமுகியின் பொன்ரேகைக் கல்.

ஐந்தாவது சூரியனுக்கான ஸ்படிகம். அது நம்ம ஊர்க் கல், தஞ்சாவூரை அடுத்த வல்லத்தில் கிடைத்தது! அந்த வல்லம் கல்லைத் தீட்டித்தான் தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் ஒரு காலத்தில் மூக்குக்கண்ணாடி செய்தார்கள். சூரியனின் கல்லே மனிதருக்குப் பார்வையும் தந்திருக்கிறது.

ஸ்படிக மாலையைக் கழுத்தில் போட்டதும் சில்லென்று இருக்கிறதே, ஏன் தெரியுமா? ஸ்படிகம் என்பது குவார்ட்ஸ். கண்ணாடியைவிடப் பல மடங்கு வேகமாக உடல் சூட்டை உறிஞ்சிக் கடத்திவிடும். வாங்கும்போது கன்னத்தில் வைத்துப் பாருங்கள். உள்ளே குட்டிக் குட்டிக் காற்றுக்குமிழ் தெரிந்தால் அது கண்ணாடிதான். இன்னொரு அதிசயமும் உண்டு. குவார்ட்ஸை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும்! படிகங்களின் இந்தக் குணத்தை 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். உங்கள் கைக்கடிகாரத்துக்குள் இருக்கும் குவார்ட்ஸ் துணுக்கு நொடிக்கு 32,768 தடவை துடிக்கிறது. அதைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக நொடிக்கு ஒரு துடிப்பு! ராமேஸ்வரத்தில் விடியற்காலையில் தரிசிக்கும் ஸ்படிக லிங்கமும் அதே இனத்துக் கல்தான்.

இப்போது கடைகளில் அமெதிஸ்ட், ரோஸ் குவார்ட்ஸ் என்று அடுக்கி, இது கவலையைத் தீர்க்கும், அது தூக்கம் தரும் என்கிறார்கள். லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் உளவியலாளர் கிறிஸ்டோபர் ஃபிரெஞ்ச் 2001இல் வெளியிட்ட ஆய்வு தெரியுமா? சிலர் கையில் அசல் படிகம், சிலர் கையில் போலி. கூச்சம், கதகதப்பு என்று இரு தரப்பும் சொன்னது ஒன்றேதான். கல்லிலிருந்து கதிர் எதுவும் வந்து நம்மை ஆற்றுவதில்லை என்றே நான் நம்புகிறேன். காலையில் குளித்து, கல்லை நீராட்டி, துடைத்து, ஒரு பூ வைக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் வேறெங்கும் ஓடாமல் மனம் நிற்கிறதே, ஆறுதல் அங்கேதான் இருக்கிறது. அதற்கு ஆற்றங்கரைக் கூழாங்கல்லும் போதும்.

ஆசைப்பட்டு வாங்கி வைப்பவர்கள் சிலவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அமெதிஸ்டின் ஊதா நிறம் வெயிலில் நாளாக நாளாக வெளிறிவிடும். செலினைட் ஜிப்சம் வகை. நகமே கீறும், தண்ணீர் அரிக்கும், அபிஷேகம் கூடவே கூடாது. ஸ்படிகக் கோளம் இருந்தால் ஜன்னலோரம் வைக்காதீர்கள்! உருண்டை வெயிலை ஒரே புள்ளியில் குவிக்கும். திரைச்சீலை பற்றி எரிந்த வீடுகள் உண்டு.