சிங்கப்பூரில் கட்டில் வாங்கப் போனார்!

சிங்கப்பூரில் ஓர் அடுக்குமாடி வீடு. பன்னிரண்டாவது மாடி. இரவு மணி பதினொன்று.

கூடத்தின் நடுவே ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவரைச் சுற்றிப் பலகைகள் கிடக்கின்றன. ஒரு பை நிறையத் திருகாணிகள். கையில் ஆறு பட்டை உள்ள சிறு சாவி. எதிரே ஒரு தாள். அதில் ஓர் எழுத்துகூட இல்லை. எல்லாம் பொம்மைப் படம்!

"இன்றைக்குக் கட்டில் முடியுமா? இல்லை, பாயை விரித்துவிடட்டுமா?" என்று மனைவி கேட்டாள்.

"பாயையே விரி" என்றார் அவர்.

அவருக்குச் சொந்த ஊர் மீன்சுருட்டி.

கும்பகோணத்திலிருந்து சென்னைக்குப் போகும் சாலையில், கங்கைகொண்ட சோழபுரத்தைத் தாண்டினால் மீன்சுருட்டி வரும். அரியலூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். விடுமுறைக்கு வந்திருந்த அவரை அங்கே ஒரு டீக்கடை பெஞ்சில் சந்தித்தேன். "வெளிநாட்டில் என்ன கஷ்டம்?" என்று கேட்டேன். வேலையைச் சொல்லுவார், வெயிலைச் சொல்லுவார் என்று நினைத்தேன்.

"கட்டில்" என்றார்!

அந்த வட்டாரத்துக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் உள்ள தொடர்பு நேற்று வந்தது அல்ல. கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட ராஜேந்திர சோழன், 1025-ம் ஆண்டு வாக்கில் கடாரத்துக்குக் கப்பல் படை அனுப்பினான். கடாரம் என்பது இன்றைய மலேசியாவில் உள்ள கெடா. அன்று படை போன திசையில் இன்று பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள். படை வீரர்களுக்குக் கட்டில் வாங்கும் கவலை இருந்திருக்காது.

பிற்காலத்தில் கப்பலில் போனவர்களுக்கும் அந்தக் கவலை குறைவுதான். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பல் ஏறி, பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். 1973 வரை ரஜுலா கப்பல். அதன் பிறகு 1985 வரை எம்.வி. சிதம்பரம். மேல்தளத்தில் இடம் பிடித்தவர்கள் ஒரு தகரப் பெட்டியும் ஒரு பாயும் கொண்டு போனார்கள். பாயைச் சுருட்டினால் கட்டில், மெத்தை எல்லாம் கக்கத்தில்!

இன்றைக்கும் கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் விடுதிதான். இரும்பு அடுக்குக் கட்டிலை முதலாளியே போட்டுவிடுவார். மேல் கட்டிலா, கீழ்க் கட்டிலா என்பதுதான் அங்கே பேச்சு.

நம் மீன்சுருட்டிக்காரரும் முதலில் மூன்று பேரோடு ஓர் அறையில்தான் இருந்தார். பிறகு சம்பளம் உயர்ந்தது. சிங்கப்பூரில் ஒரு குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல் வாங்கினால்தான் மனைவி மக்களை அழைத்துக்கொள்ள அனுமதி கிடைக்கும். அவருக்குக் கிடைத்தது. வாடகைக்கு ஒரு வீடு பிடித்தார். சாமான் போட்ட வீட்டுக்கு வாடகை அதிகம். ஆகவே வெறும் வீடாகப் பார்த்துப் பிடித்தார்.

மனைவியும் கைக்குழந்தையும் வர இரண்டு வாரம்தான் இருந்தது.

நான்கு அங்குல இடுக்கு

மரச்சாமான் கடைக்குப் போனார். பெரிய கடை. நம் ஊர்க் கல்யாண மண்டபம் நான்கைச் சேர்த்தாலும் ஈடாகாதாம். கட்டில்கள் வரிசையாகப் போட்டிருந்தன. எல்லாவற்றிலும் அளவு எழுதியிருந்தது. எல்லாம் சென்டிமீட்டர்!

நம் ஊரில் ஆசாரியிடம் கட்டில் சொல்லும்போது எப்படிச் சொல்லுவோம்? "ஆறேகாலுக்கு நாலு போடுங்கள்" என்போம். அல்லது "ஆறரைக்கு ஐந்து" என்போம். எல்லாம் அடிக் கணக்கு. அந்தக் கணக்கில் வளர்ந்தவர் சென்டிமீட்டருக்கு முன்னால் திகைத்து நின்றார்.

ஒரு கட்டிலைப் பிடித்துப் போயிற்று. பணத்தைக் கட்டினார். மெத்தை அங்கே விலை அதிகம். வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் மலிவாக ஒரு மெத்தை வாங்கினார். அங்கேதான் மோசம் போனார்.

கட்டில் 200 சென்டிமீட்டர் நீளம். அது ஐரோப்பிய அளவு. மெத்தையோ 190 சென்டிமீட்டர். சிங்கப்பூரில் வழக்கமான அளவு அது. பத்து சென்டிமீட்டர் குறைந்தது. அதாவது நான்கு அங்குலம்!

கால் மாட்டில் நான்கு அங்குல இடுக்கு. குழந்தையின் பால் புட்டி அதில் விழும். கிலுகிலுப்பை விழும். ஒருநாள் குழந்தையின் காலே அதில் மாட்டிக்கொண்டது. நல்லவேளை, காயம் இல்லை. அன்று முதல் ஒரு கம்பளிப் போர்வையைச் சுருட்டி அந்த இடுக்கில் அடைத்து வைத்தார்கள்.

கடையில் போய்க் கேட்டார். "பிரித்துப் பூட்டிய கட்டிலைத் திரும்ப எடுப்பதில்லை" என்று சொல்லிவிட்டார்கள். மெத்தைக் கடைக்காரர், "உறையைக் கிழித்துவிட்டீர்களே" என்றார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 190 சென்டிமீட்டர் என்பது அடிக் கணக்கில் எவ்வளவு? ஏறக்குறைய ஆறேகால் அடி! மீன்சுருட்டி ஆசாரியின் அளவும் சிங்கப்பூர் மெத்தையின் அளவும் ஒன்றுதான். நடுவில் வந்த ஐரோப்பியக் கட்டில்தான் அவரைக் கெடுத்தது.

நாட்டுக்கு நாடு இந்தக் குழப்பம் இருக்கிறது. அமெரிக்காவில் ஐந்து அடி அகலக் கட்டிலுக்கு "குயின்" என்று பெயர். அதாவது ராணி. ஏறக்குறைய அதே அகலமுள்ள கட்டிலை இங்கிலாந்தில் "கிங்" என்பார்கள். ராணி கடலைத் தாண்டினால் ராஜா ஆகிவிடுகிறாள்! அமெரிக்காவில் ராஜா கட்டில் என்றால் ஆறடிக்கும் மேல் அகலம். பெயரை நம்பி மெத்தையும் விரிப்பும் வாங்கியவர்கள் பாடு என்ன ஆகும்?

வெளிநாட்டில் இருக்கும் உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இதை மட்டும் எழுதுங்கள். பெயரைப் பார்க்க வேண்டாம். நீளம், அகலம் இரண்டையும் எழுதி எடுத்துக்கொண்டு போகட்டும்.

காலைக் கழற்றிய மனிதர்

கடைக்காரர் ஏன் கட்டிலைக் கட்டிலாகத் தருவதில்லை? ஏன் பலகையாகத் தருகிறார்?

இதற்கு ஒரு கதை இருக்கிறது. ஸ்வீடன் நாட்டில் இங்வார் காம்ப்ராட் என்பவர் 1943-ல் ஒரு வியாபாரம் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 17. அதுதான் இன்று உலகமெங்கும் கடை வைத்திருக்கும் ஐகியா. 1950-களில் அங்கே வேலை பார்த்தவர் கில்லிஸ் லுண்ட்கிரென். ஒருநாள் ஒரு மேஜையைக் காரில் ஏற்றப் பார்த்தார். கால்கள் இடித்தன. மேஜை உள்ளே போகவில்லை. காலைக் கழற்றிப் பலகையோடு வைத்தார். சுலபமாகப் போய்விட்டது!

தட்டையாகக் கட்டி விற்கும் வழக்கம் அங்கே 1956-ல் ஆரம்பமாயிற்று. லாரியில் இடம் குறையும். கிடங்கில் இடம் குறையும். பூட்டுகிற கூலி இல்லை. விலையும் குறையும். இன்று எத்தனையோ நாடுகளில் எத்தனையோ கடைகள் இந்த முறையைப் பின்பற்றுகின்றன. இந்தியாவுக்கும் அது வந்துவிட்டது. 2018 ஆகஸ்டில் ஐதராபாத்தில் ஐகியா தன் முதல் இந்தியக் கடையைத் திறந்தது.

முறை நல்ல முறைதான். குறை சொல்லுவதற்கில்லை. ஆனால் பகல் முழுவதும் வேலை பார்த்துவிட்டு வந்தவன் இரவில் தச்சனாக வேண்டும்! நம்மவர் ஒரு பலகையைத் தலைகீழாகப் பூட்டிவிட்டார். அது கடைசியில்தான் தெரிந்தது. எல்லாவற்றையும் கழற்றி மறுபடி பூட்டினார்.

அங்கே இன்னொரு சங்கடம். மலிவான சாமான்களில் பல, முழு மரம் அல்ல. மரத்தூளையும் சிறு சிராய்களையும் பிசின் சேர்த்து அழுத்திச் செய்த பலகை அது. மேலே மரம் போலத் தாள் ஒட்டியிருக்கும். ஒரு தடவை திருகாணி போட்டால் நன்றாகப் பிடிக்கும். கழற்றி மறுபடி போட்டால் துளை பொரிந்துவிடும். தண்ணீர் பட்டால் ஊதிவிடும். வாடகைக்கு இருப்பவன் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வீடு மாறுகிறான். மாறும்போதெல்லாம் கட்டில் ஆட்டம் காண்கிறது.

நம் ஊரில் கட்டில் ஆடினால் என்ன செய்வோம்? ஆசாரியைக் கூப்பிடுவோம். ஒரு ஆப்பு அடிப்பார். காப்பி குடித்துவிட்டுப் போவார். சிங்கப்பூரில் தச்சரைக் கூப்பிட்டால் அவர் கேட்கும் கூலிக்கு இன்னொரு கட்டிலே வாங்கிவிடலாம்!

அப்பாவுக்கு ஒரு கட்டில்

இதற்குள் ஊரிலிருந்து ஒரு செய்தி வந்தது. அவருடைய தகப்பனாருக்கு முழங்கால் வலி. பாயில் படுத்தால் எழுந்திருக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார். ஒருநாள் விடியற்காலையில் எழும்போது விழுந்தும் விட்டார்.

மகன் பதறிப்போனார். ஊரில் புது வீடு கட்டியாயிற்று. கூடத்தில் டெலிவிஷன் இருக்கிறது. பீரோ இருக்கிறது. அப்பாவுக்கு ஒரு கட்டில் இல்லை!

அன்று இரவே செல்போனில் ஒரு கட்டிலைத் தேர்ந்தெடுத்தார். வெளிநாட்டு வங்கி அட்டையை அந்தக் கடை ஏற்கவில்லை. சென்னையில் இருந்த நண்பர் பணத்தைக் கட்டினார். பத்து நாள் கழித்துக் கட்டில் புறப்பட்டது.

வண்டி மீன்சுருட்டிக்கு வந்தபோது இரவு ஒன்பது மணி. சாமானை ஒப்படைக்க ரகசிய எண் சொல்ல வேண்டும். அந்த எண் மகனுடைய செல்போனுக்குப் போயிற்று. சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. அங்கே பதினொன்றரை. மறுநாள் அதிகாலை வேலை. அவர் தூங்கிக்கொண்டிருந்தார்!

தகப்பனார் வாசலில் நின்று வண்டிக்காரரிடம் கெஞ்சிப் பார்த்தார். "எண் இல்லாமல் இறக்க முடியாது, ஐயா" என்றார் வண்டிக்காரர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வண்டி திரும்பிப் போய்விட்டது.

காலையில் மகன் போன் செய்தார். தகப்பனார் கோபிக்கவில்லை.

"ஏம்பா, கொல்லையில் வேப்பமரம் நிற்கிறது. ஊரில் ஆசாரி இருக்கிறார். கட்டில் எதற்கு எங்கிருந்தோ வர வேண்டும்?" என்று கேட்டார்.

மகனுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "எனக்கு அது தோன்றவே இல்லை" என்று என்னிடம் சொன்னார். டீ ஆறிக்கொண்டிருந்தது.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் மரவேலைக்குப் பஞ்சமில்லை. பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்கு 2020-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. கட்டில் செய்ய அவ்வளவு பெரிய கலைஞர் தேவையில்லை. உள்ளூர் ஆசாரி போதும்.

மரத்தை வெட்டினார்கள். அறுத்தார்கள். நிழலில் அடுக்கி உலர விட்டார்கள். பச்சை மரத்தில் செய்தால் பிறகு வளைந்துவிடும். வேம்பு கசப்பு மரம். பூச்சி எளிதில் அண்டாது. ஆனால் உலர நாள் பிடிக்கும். கட்டில் முடிய நான்கு மாதம் ஆயிற்று. அதுவரை தகப்பனார் பக்கத்து வீட்டு பெஞ்சில் படுத்தார். அவசரத்துக்கு ஆசாரி உதவமாட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆசாரி முதல் நாள் என்ன செய்தார் தெரியுமா? தகப்பனாரை நாற்காலியில் உட்காரச் சொன்னார். பாதத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்தார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"உங்களுக்குப் பதினெட்டு அங்குலத்துக்குமேல் உயரம் வேண்டாம். கால் தரையில் ஊன்ற வேண்டும். அப்போதுதான் கை கொடுக்காமல் எழுந்திருப்பீர்கள்" என்றார்.

செல்போனில் கட்டில் வாங்கிய மகன் நீளம் பார்த்தார், அகலம் பார்த்தார், நிறம் பார்த்தார், விலை பார்த்தார். உயரத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கட்டில் வந்து இறங்கியிருந்தால் தகப்பனாரின் கால் தரையைத் தொட்டிருக்குமா? யாருக்குத் தெரியும்!

தகப்பனார் இப்போது சுவரைப் பிடிப்பதில்லை. இரவில் கட்டிலில் படுக்கிறார். மத்தியானம் மட்டும் பழக்கத்தை விட முடியாமல் திண்ணையில் சாய்கிறார்.

சிங்கப்பூர்க் கட்டில் என்ன ஆயிற்று?

அதை விற்றுவிட்டார். அங்கே பழைய சாமான் விற்க, வாங்க "கரோசெல்" என்று ஒன்று இருக்கிறது. 2012-ல் சிங்கப்பூரிலேயே ஆரம்பித்தது. செல்போனில் படம் பிடித்துப் போட வேண்டும். புதிதாகக் குடித்தனம் வைக்க வருகிறவர்களுக்கு அது பெரிய உதவி. போகிறவர் விற்பார். வருகிறவர் வாங்குவார். விற்கவில்லையென்றால் அதைத் தூக்கிப் போடுவதற்கும் அலைய வேண்டும்.

புதுக்கோட்டைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று கட்டிலைப் பார்க்க வந்தது. அவர்களுக்கும் கைக்குழந்தை. வாங்கிய விலையில் நாலில் ஒரு பங்குக்குப் பேசி முடித்தார்கள். கட்டிலோடு மெத்தையும் உண்டு.

நம்மவர் இடுக்கை மறைக்கவில்லை. கால் மாட்டைக் காட்டினார். எவ்வளவு குறைகிறது என்று டேப்பை வைத்து அளந்தும் காட்டினார். சுருட்டி வைத்திருந்த போர்வையையும் சும்மா கொடுத்து அனுப்பினார்.