கழுவுவதா, அடைப்பதா?

சுவருக்குப் பின்னால் – 9

சென்ற வாரம் ஹூஸ்டன் வீடுகளின் பரணில் ஏறினோம். சாய்ந்த கூரைக்கும் ஜிப்சம் பலகை உட்கூரைக்கும் நடுவே, ஆள் குனிந்து நகரும் உயரத்தில் இருக்கும் அந்த இடத்தை அங்குள்ளவர்கள் ஆட்டிக் என்பார்கள். கோடைப் பிற்பகலில் அதற்குள் 55 டிகிரி செல்சியஸ் சாதாரணம். வீட்டிலேயே அதிகம் கொதிக்கும் அந்த இடத்தின் வழியாகத்தான், வீட்டிலேயே அதிகம் குளிர்ந்த காற்று 13 டிகிரி அளவில் ஒவ்வொரு அறைக்கும் போகிறது. காரணம் எளிது. அந்த ஊர்க் களிமண்ணில் நிலத்தடி அறை தோண்டுவதில்லை. கான்கிரீட் தளம் போட்டு அதன்மேல் வீட்டை நிறுத்துகிறார்கள். ஏசி எந்திரத்துக்கும் குழாய்களுக்கும் மிஞ்சியது பரண்தான்.

நம் ஊர் ஸ்பிளிட் ஏசிக்கு இந்தக் கவலை இல்லை. அறைக் காற்றை அறைக்குள்ளேயே இழுத்து, குளிர்வித்து, அங்கேயே விட்டுவிடுகிறது. அமெரிக்க வீட்டில் மொத்த வீட்டுக்கும் ஒரே எந்திரம். கூடத்தில் ஒரு பெரிய கிரில் வழியாக வீட்டுக் காற்றை உறிஞ்சும் பாதை ரிட்டர்ன். குளிர்ந்த காற்றைத் திருப்பி அனுப்புவது சப்ளை. 3 டன் எந்திரம் நிமிடத்துக்குச் சுமார் 1,200 கன அடிக் காற்றைச் சுற்றவிடும். அவ்வளவு காற்றும் போய்வரும் குழாய்கள்தான் டக்ட். பெரும்பாலும் அது தகரம்கூட இல்லை. கம்பிச் சுருள் வைத்த பிளாஸ்டிக் உறை, அதைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பஞ்சு, அதற்கு மேல் பளபளப்பான ஒரு மேலுறை. வளைத்து நெளித்துக் கொண்டுபோகலாம் என்பதால் ஃப்ளெக்ஸ் டக்ட் என்று பெயர்.

இந்தக் குழாய்கள் கெட்டுப்போவதை வீட்டுக்காரர் முதலில் பார்ப்பது பரணில் அல்ல, படுக்கையறை உட்கூரையில். ஹூஸ்டனை அடுத்த ஷுகர்லேண்டில் நண்பர் வீட்டுக்கு மதுரையிலிருந்து வந்திருந்த அவருடைய அம்மா, காற்று வரும் கிரில்லைச் சுற்றிலும் படர்ந்திருந்த கறுப்பைப் பார்த்துவிட்டு, “ஏப்பா, மாடக்குழி மாதிரி இங்க கரி பிடிச்சிருக்கு? நீங்க விளக்குகூட ஏத்தறதில்லையே” என்றார். “தூசிம்மா. டக்ட் கிளீன் பண்ண ஆளு வர்றாங்க, சரியாயிடும்” என்றார் மகன்.

அம்மா கேட்டது சரியான கேள்வி. மகன் சொன்ன பதில்தான் அந்த ஊரில் ஆயிரக்கணக்கான வீடுகளில் சொல்லப்படும் பதில். அது தவறு என்பதற்காகத்தான் இந்த அத்தியாயம்.

அந்தக் கறுப்பைக் கிட்டப் போய்ப் பார்த்தால் கிரில்லின் நடுவில் அது குறைவு, விளிம்பில்தான் அதிகம். கிரில்லுக்கு மேலே குழாய் வந்து முடியும் தகரப் பெட்டிக்கும், அதற்காக ஜிப்சம் பலகையில் வெட்டிய ஓட்டைக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. அதன் வழியே பரணின் ஈரக் காற்று வந்து குளிர்ந்த தகரத்தைத் தொடுகிறது. தொட்ட இடத்தில் பனித்து, பலகையின் காகிதம் நனைகிறது. நனைந்த காகிதத்தில் தூசி ஒட்டுகிறது, தூசியில் பூஞ்சை பிடிக்கிறது. குழாய்க்குள்ளே எவ்வளவு கழுவினாலும் இந்தக் கறுப்பு ஒரு பருவத்துக்குள் திரும்ப வரும்.

மெக்ஸிகோ வளைகுடாக் கரையில் எல்லாக் கணக்கும் ஈரத்தில் தொடங்குகிறது. கோடையில் ஹூஸ்டன் காற்றின் பனிநிலை 24 டிகிரியை ஒட்டியே இருக்கும். அதாவது, 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பும் அந்தக் காற்று பட்டால் நனையும். 13 டிகிரிக் காற்றைச் சுமக்கும் குழாய் நனையாமலிருப்பது, அதன் மேலுறைக்கும் உள்ளே ஓடும் குளிருக்கும் நடுவிலுள்ள பஞ்சால் மட்டுமே. பஞ்சு தன் முழுத் தடிமனில் உப்பி இருந்தால் மேலுறை வெதுவெதுப்பாக இருக்கும். கட்டுக் கம்பி இறுக்கி நசுங்கிய இடத்திலும், மரச்சட்டத்தில் அழுந்திய இடத்திலும், இரண்டு குழாய்கள் உரசிக் கிடக்கும் இடத்திலும் மேலுறை குளிர்ந்துவிடும். அங்கேதான் முதல் சொட்டு. இது உச்சிவெயிலில் நடப்பதைவிட விடியலுக்கு முன் நடப்பது அதிகம். அப்போது பரண் ஆறியிருக்கும், ஈரம் அப்படியே இருக்கும், எந்திரமோ ஓடிக்கொண்டிருக்கும். பகலில் ஏறிப் பார்க்கும் மெக்கானிக் எல்லாம் உலர்ந்திருப்பதைப் பார்த்து “ஒன்றுமில்லை” என்று இறங்கிவிடுவதும் அதனால்தான்.

ஏசி பிறந்ததே ஈரத்துக்காகத்தான். 1902இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் ஈரம் குடித்த காகிதம் ஊதிச் சுருங்கி, ஒரு வண்ணத்தின் மேல் அடுத்த வண்ணம் சரியாக உட்காராமல் போனது. அதைத் தீர்க்க வில்லிஸ் கேரியர் வடிவமைத்ததுதான் இன்றைய ஏசியின் முன்னோடி. வெப்பத்தைக் குறைப்பது போலவே ஈரத்தைப் பிழிவதும் அதன் வேலை. குழாய் ஒழுகும் வீட்டில் எந்திரம் ஒரு பக்கம் பிழியப் பிழிய, இன்னொரு பக்கம் ஈரம் நுழைந்துகொண்டே இருக்கிறது.

எப்படி நுழைகிறது என்பதுதான் பலருக்குத் தெரியாத சங்கதி. சப்ளைக் குழாயில் ஓட்டை விழுந்தால் நஷ்டம் கொஞ்சம் குளிர்ந்த காற்று மட்டும் என்று நினைக்கிறோம். வீட்டிலிருந்து உறிஞ்சிய காற்றில் ஒரு பங்கு பரணில் கொட்டிப்போனால், அந்த அளவுக்கு வீட்டுக்குள் காற்று குறைகிறது. வீடு அதை எங்கிருந்தாவது ஈடுகட்டியாக வேண்டும். கதவிடுக்கு, விளக்கு மாட்டிய ஓட்டை, சுவரடி விரிசல் என்று கிடைத்த வழியிலெல்லாம் வெளியிலிருக்கும் புழுக்கத்தை உறிஞ்சிக்கொள்கிறது. ரிட்டர்ன் பக்கம் ஓட்டை இருந்தால் இன்னும் மோசம். பரணின் கொதிக்கும் ஈரக் காற்றும், பஞ்சுத் தூளும், எலிப் புழுக்கைத் தூசியும் நேராக எந்திரத்துக்குள் போகின்றன. சராசரி அமெரிக்க வீட்டில் குழாய்களில் ஓடும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் ஒழுகல்களில் வீணாகிறது என்பது அமெரிக்க அரசின் எரிசக்திச் சிக்கனத் திட்டமான எனர்ஜி ஸ்டார் சொல்லும் கணக்கு. வறண்ட அரிசோனாவில் இது மின்கட்டணப் பிரச்சினையோடு நிற்கும். ஹூஸ்டனிலும் ஃபுளோரிடாவிலும் இது பூஞ்சைப் பிரச்சினையும்கூட.

அதனால்தான் கழுவும் வியாபாரத்தின் மேல் எனக்குக் கோபம் வருகிறது. “முழு வீடும் 99 டாலர்” என்று துண்டுப் பிரசுரம் வரும். ஆள் வந்து வேக்யூம் குழாயை நுழைப்பார், கறுத்த பஞ்சு ஒன்றைக் கையில் காட்டுவார், தொகை ஏறும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதைப் பற்றி வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது: டக்ட் கழுவுவது உடல்நலக் கேட்டைத் தடுப்பதாக நிரூபணம் இல்லை. கண்ணுக்குத் தெரியும் பூஞ்சை, எலி அல்லது பூச்சிகளின் குடியிருப்பு, காற்றையே தடுக்கும் அளவு அடைசல் இருந்தால் யோசிக்கலாம் என்கிறது. அப்போதும் காரணத்தைச் சரிசெய்யாவிட்டால் திரும்ப வரும் என்கிறது. பஞ்சு நனைந்து பூஞ்சை பிடித்துவிட்டால் அதைக் கழுவிச் சுத்தம் செய்ய முடியாது, அகற்றி மாற்றத்தான் வேண்டும் என்பதும் அதே முகமையின் வார்த்தை. ஃப்ளெக்ஸ் டக்டுக்கு இது நூற்றுக்கு நூறு பொருந்தும். ஈரமான துண்டை வெட்டி எடுத்துப் புதுத் துண்டு போடுவது, கழுவும் செலவைவிடப் பெரிய சங்கதி அல்ல.

சரி, அடைப்பது எதை வைத்து? வீட்டில் கைக்குக் கிடைக்கும் சாம்பல் நிறத் துணி டேப்பை வைத்து அல்ல. அந்த டேப்பின் கதை போர்க்காலத்தது. இல்லினாய்ஸ் மாநில வெடிமருந்து ஆலையில் வேலை பார்த்த வெஸ்டா ஸ்டவுட் என்ற அம்மாளுக்கு மகன்கள் கடற்படையில். தோட்டாப் பெட்டிகளை மூடியிருந்த காகித டேப்பின் நுனி பிய்ந்துபோய், சண்டைக்கு நடுவில் பெட்டியைத் திறக்க முடியாமல் போகுமே என்ற கவலை அவருக்கு. நீர் புகாத வலுவான துணி டேப் வேண்டும் என்று 1943இல் அதிபர் ரூஸ்வெல்டுக்கே கடிதம் எழுதினார். அப்படி வந்த டேப், போர் முடிந்தபின் காற்றுக் குழாய்களுக்கும் வந்துசேர்ந்தது. 1998இல் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் மேக்ஸ் ஷெர்மன், இயன் வாக்கர் இருவரும் குழாய் அடைக்கும் பொருட்களைச் சூட்டிலும் குளிரிலும் மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். தோற்றது துணி டேப்தான். அதன் பசை பரணின் சூட்டுக்குக் காய்ந்து கழன்றுகொள்கிறது. பெட்டிக்கு நல்ல டேப், குழாய்க்கு ஆகாத டேப்.

குழாய்க்கு உரியது மாஸ்டிக். வாளியில் வரும் கெட்டியான பசை. தூரிகையாலோ கையுறை போட்ட கையாலோ பூசலாம். சூரியன் வருமுன் ஏறுங்கள். பரணில் நடக்கும்போது மரச்சட்டத்தில் மட்டும் கால் வையுங்கள், நடுவில் வைத்தால் உட்கூரை பிளந்து படுக்கையறையில் இறங்குவீர்கள். முகக்கவசம் கட்டாயம். எந்திரத்தை ஓட விட்டு இணைப்பு இணைப்பாகக் கையை வைத்துப் பாருங்கள். கண்ணுக்கும் ஓர் அடையாளம் உண்டு: மஞ்சள் பஞ்சில் கறுத்த கோடு தெரிந்தால் அங்கே காற்று ஒழுகியிருக்கிறது, போகும் வழியில் தூசியை வடிகட்டிவிட்டுப் போயிருக்கிறது. பிறகு எந்திரத்தை நிறுத்திவிட்டு மேலுறையையும் பஞ்சையும் பின்னால் தள்ளுங்கள். உள் பிளாஸ்டிக் உறை, தகரக் கழுத்தின் மேல் நன்றாக ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும். கழுத்தில் மாஸ்டிக் பூசி, உறையை ஏற்றி, நைலான் பட்டையால் இறுக்கி, விளிம்பின் மேல் மறுபடி 2 மில்லிமீட்டர் தடிமனில் மாஸ்டிக். கால் அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் கண்ணாடி இழை வலையைப் பதித்துப் பூச வேண்டும். இதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். பஞ்சைப் பழையபடி இழுத்து மூடி, மேலுறையையும் தனியாகக் கட்டி அடைத்தால்தான் வேலை முடிந்தது. மேலுறையில் சின்னக் கிழிசல் இருந்தாலும் ஈரக் காற்று பஞ்சுக்குள் புகுந்து உள்ளேயே தண்ணீராகிவிடும். அதற்கு, குழாய் வேலைக்கென்று தரச்சான்று பெற்ற ஃபாயில் டேப் போதும். கிரில் பெட்டியின் விளிம்பை அறைக்குள்ளிருந்தே அடைக்கலாம். நண்பர் வீட்டு மாடக்குழிக்கு மருந்து அதுதான்.

தொங்கும் விதத்தையும் பாருங்கள். 4 அடிக்கு ஒரு தாங்கல், பட்டை ஒன்றரை அங்குல அகலமாவது இருக்க வேண்டும். மெல்லிய கம்பியில் கட்டினால் பஞ்சு நசுங்கும், நசுங்கிய இடம் நனையும். ஓர் அடிக்கு அரை அங்குலத்துக்கு மேல் தொய்வு கூடாது.

மற்றவை சிறிய கவனங்கள். எந்திரத்தின் தண்ணீர் வடிகுழாயில் பாசி அடைக்காமல் அவ்வப்போது வினிகர் ஊற்றுவது. பரணில் எந்திரத்தின் அடியிலுள்ள தட்டில் தண்ணீர் நின்றால் எந்திரத்தை நிறுத்தும் மிதவை சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பார்ப்பது. வடிகட்டியைக் காலத்தில் மாற்றுவது. ஜன்னலுக்கு மேலே துருத்தி நிற்கும் குழாயில் தண்ணீர் சொட்டினால், முதல் வடிகுழாய் அடைத்துவிட்டது என்று அறிவிக்கத்தான் அதை அங்கே வைத்திருக்கிறார்கள். விசிறியை ‘ஆன்’ என்பதில் வைக்காமல் ‘ஆட்டோ’வில் வையுங்கள், குளிர்ச்சி நின்றபின் விசிறி மட்டும் ஓடினால் எந்திரத்தின் குளிர்விக்கும் காயிலில் ஒட்டியிருக்கும் தண்ணீர் ஆவியாகி வீட்டுக்கே திரும்பும். படுக்கையறைக் கதவை மூடினால் காற்று ரிட்டர்னுக்குத் திரும்ப வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால், ஓட்டையே இல்லாத குழாய் உள்ள வீடும் வெளிக்காற்றை உறிஞ்சும்.

சென்னையிலும் தனி வீடுகளில் டக்ட் வைத்த ஏசி வரத் தொடங்கிவிட்டது. கடலோரப் பனிநிலை அங்கேயும் கிட்டத்தட்ட இதேதான். வீடு கட்டும்போதே குழாய்களை வெயில் படும் கூரைக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் நடுவே விடாமல், குளிர்ந்த அறைகளின் எல்லைக்குள்ளேயே கொண்டுபோகச் சொல்லிக் கேளுங்கள். அப்படிப் போன குழாய் ஒழுகினாலும் வீட்டுக்குள்தான் ஒழுகும்.

அடைத்து முடித்தபின் ஈரப்பத மானி ஒன்றை வாங்கிக் கூடத்தில் வையுங்கள், விலை அதிகமில்லை. ஏசி ஓடும் வீட்டில் ஈரம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 50ஐ ஒட்டி இருந்தால் நல்லது. ஒரு வாரம் விடியற்காலையில் பாருங்கள். அப்போதும் 65, 70 என்று நின்றால் சப்ளைப் பக்கத்தை விட்டுவிட்டு, எந்திரம் உட்கார்ந்திருக்கும் மேடையையும் ரிட்டர்ன் பெட்டியையும் திறக்கச் சொல்லுங்கள். வெறும் மரமும் ஜிப்சம் பலகையும் வைத்து அடித்த அந்தப் பெட்டியின் மூலைகளை யாருமே பூசியிருக்க மாட்டார்கள்.

(தொடரும்)