ஊரை வைத்துப் பிரிந்த சர்ஜன்கள்

தர்மபுரி நகரத்திலிருந்து வத்தல்மலைக்கு இருபத்தைந்து கிலோமீட்டர்தான் இருக்கும். சாலை போடப்படும் வரை மலையேற்றம் நடையாகத்தான் கழிந்தது. மேலே காபியும் மிளகும் சாமையும் விளைவிக்கிற மலையாளி பழங்குடி மக்கள், சரக்கைத் தலையிலும் கழுதை முதுகிலும் ஏற்றித்தான் இறக்கினார்கள். இந்த வட்டாரத்து மலைகளில் நடக்க முடியாத நோயாளி என்றால் டோலி கட்டித் தூக்க வேண்டும். இப்போது இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளோடு சாலை இருக்கிறது. கூப்பிட்டால் வர 108 ஆம்புலன்ஸ் இருக்கிறது. கீழே இறங்கினால் 2008-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

ஆனாலும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பால்சிலம்பிலோ பெரியூரிலோ மூட்டை தூக்கிப் பழகிய ஒரு விவசாயிக்குக் கவட்டையோரம் சின்னதாக ஒரு புடைப்பு என்று வைத்துக்கொள்வோம். படுத்தால் உள்ளே போய்விடும், எழுந்து இருமினால் வெளியே வரும். இதுதான் ஹெர்னியா, ஊர் வழக்கில் குடலிறக்கம். வெட்கப்பட்டு, வேட்டிக்குள்ளேயே வருஷக்கணக்கில் மறைத்து வைத்திருப்பவர்கள் ஏராளம். ஒருநாள் ராத்திரி புடைப்பு உள்ளே போக மறுக்கும். குடல் சிக்கி, அதற்குப் போகும் ரத்த ஓட்டம் நின்று, வயிறு உப்பி வாந்தி வரும். அப்புறம் சில மணி நேரம்தான் கையில் இருக்கிறது. அதற்குள் சர்ஜன் திறந்து விடுவித்தால் ஆள் நாலைந்து நாளில் வீட்டுக்கு வந்துவிடுவார். தாமதித்தால் அழுகிய குடலை வெட்டி எடுக்க வேண்டும், உயிருக்கும் உத்தரவாதமில்லை.

அந்தச் சில மணி நேரத்துக்குள் சர்ஜன் கிடைப்பாரா என்ற கேள்வியை வைத்துக்கொண்டு, இந்திய சர்ஜன்களின் சங்க வரலாற்றைப் பார்ப்பது சுவாரஸ்யமான வேலை.

நாட்டின் பெரிய சங்கம் இந்திய அறுவை மருத்துவர்கள் சங்கம். 1938-இல் தொடங்கியது. தலைமையகம் டில்லியில் இல்லை, சென்னையில், சேப்பாக்கம் சுவாமி சிவானந்தா சாலையில். வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகளின் கையிலிருந்த இந்திய மருத்துவப் பணிதான் அன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் கோலோச்சியது. அந்தக் காலத்தில் இப்படி ஒரு சங்கம் எழுந்ததே பெரிய காரியம். இன்று பல்லாயிரம் உறுப்பினர்கள், மாநிலக் கிளைகள், சொந்த ஆய்விதழ், ஆண்டுதோறும் திருவிழா மாதிரி ஒரு மாநாடு என்று வளர்ந்திருக்கிறது. தலைவர் பதவி ஓராண்டுக்குத்தான். உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தத் தேர்தலில் நடக்கும் பிரசாரத்தைப் பார்த்தால் உள்ளாட்சித் தேர்தல் தோற்றது என்று சர்ஜன்களே சிரித்துக்கொண்டு சொல்வதுண்டு.

சங்கம் வளர வளர அதன் குடும்பத்திலிருந்து கிளைகள் பிரிந்தன. 1951-இல் சென்னையில் ஜேக்கப் சாண்டி, பி. ராமமூர்த்தி, எஸ்.டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகிய நால்வர் சேர்ந்து நரம்பியல் சங்கத்தைத் தொடங்கினார்கள். எலும்பு மருத்துவர்கள் பெரிய சங்கத்துக்குள் ஒரு பிரிவாக இருந்து, 1955-இல் தனிச் சங்கம் கண்டார்கள். 1957-இல் பிளாஸ்டிக் சர்ஜரிக்காரர்கள், 1961-இல் சிறுநீரக சர்ஜன்கள். மூளைக்கு ஒன்று, எலும்புக்கு ஒன்று, தோலுக்கு ஒன்று, சிறுநீர்ப்பைக்கு ஒன்று. எல்லாமே உடம்பின் உறுப்பை வைத்துப் பிரிந்தவை. அறிவு வளர்ந்தால் நடக்கிற காரியம்தான், இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

1990-களின் தொடக்கத்தில் பிரிந்த ஒரு சங்கம் மட்டும் வேறு ரகம். அது ஊரை வைத்துப் பிரிந்தது. இந்தியக் கிராமப்புற அறுவை மருத்துவர்கள் சங்கம் என்பது அதன் பெயர். மருத்துவர்கள் ஆங்கிலச் சுருக்கமாக 'ஆர்சி' என்கிறார்கள். முதல் மாநாடு காந்தியின் சேவாகிராமத்தில் 1993-இல் நடந்தது.

தொடங்கியவர்களைப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். அவர்களில் முக்கியமான இரண்டு பேர் பெருநகரத்தின் உச்சாணிக் கொம்பிலிருந்து வந்தவர்கள். மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரித் துறையை உருவாக்கிய என்.எச். ஆன்டியா ஒருவர். இங்கிலாந்தில் ஹெரால்டு கில்லீஸிடம் பயின்று திரும்பி, தொழுநோயில் சிதைந்த முகங்களையும் கைகளையும் சரிசெய்வதில் பேர் வாங்கியவர். பிறகு, அதிகம் படிக்காத கிராமத்துப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாக்கலாம் என்று மகாராஷ்டிரத்தின் மாண்ட்வாவில் செய்து காட்டினார். இன்னொருவர் எலும்பு சர்ஜன் பாலு சங்கரன். மத்திய அரசின் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநராக இருந்தவர். கான்பூரில் செயற்கைக் கால், ஊன்றுகோல் தயாரிக்கும் அரசு நிறுவனம் உருவாகக் காரணமானவர், பத்ம விபூஷண் பெற்றவர். இவர்களோடு கர்நாடகத்தின் சிவமொக்காவிலிருந்து ஆர்.டி. பிரபு, மகாராஷ்டிரத்தின் தோண்டாயிச்சா என்ற சிற்றூரிலிருந்து ஆர்.ஆர். டோங்கோங்கர் என்று நாட்டுப்புற சர்ஜன்கள் கைகோத்தார்கள்.

தனிச் சங்கம் எதற்கு? மாநாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தால் புரியும். மேடையில் ரோபோ பற்றியும், லட்சக்கணக்கில் விலையுள்ள தையல் கருவி பற்றியும் பேச்சு ஓடும். கீழே உட்கார்ந்திருக்கிற சிற்றூர் சர்ஜனோ காலையில் ஒரு சிசேரியன், மதியம் ஒரு கால் முறிவு, ராத்திரி மாடு முட்டிக் கிழித்த வயிறு என்று பார்த்துவிட்டு ரயிலேறி வந்திருப்பார். மயக்க மருந்து நிபுணர் இல்லாமல் முதுகில் தானே ஊசி போட்டிருப்பார். கரண்ட் போனால் டார்ச் வெளிச்சத்தில் தைத்திருப்பார். நூல் தீர்ந்துபோனால் மீன்பிடி நைலான் நரம்பை வேகவைத்துப் பயன்படுத்தலாமா என்பது அவருடைய சந்தேகம். அதை அந்த மேடையில் கேட்டால் சிரிப்பார்கள். கேட்க ஓர் இடம் வேண்டியிருந்தது.

இடம் கிடைத்ததும் என்ன வந்தது என்பதற்கு ஹெர்னியாவே நல்ல சாட்சி.

ஹெர்னியாவில் பலவீனமான வயிற்றுச் சுவரை இழுத்துத் தைத்தால் மறுபடி பிளந்துகொள்ளும் வாய்ப்பு அதிகம். அதனால் அந்த இடத்தில் ஒரு வலையை வைத்துத் தைக்கிறார்கள். திசு அந்த வலைக் கண்களுக்குள் வளர்ந்து சுவர் உறுதியாகிவிடும். சிக்கல் வலையின் விலையில் இருந்தது. வெளிநாட்டுக் கம்பெனி வலை ஒரு கூலித் தொழிலாளியின் பல வாரச் சம்பளத்தை விழுங்கும். ஆந்திரத்து சர்ஜன் பிரம்மா ரெட்டி, டோங்கோங்கர் போன்றவர்கள் அந்த வலையைக் கையில் எடுத்து உற்றுப் பார்த்தார்கள். பிளாஸ்டிக் இழை, சின்னச் சின்னக் கண். கடையில் விற்கிற கொசுவலையும் கிட்டத்தட்ட இதே சங்கதிதானே? மருந்து பூசாத கொசுவலைத் துணியை வாங்கி, துவைத்து, அளவாக வெட்டி, ஆட்டோகிளேவில் கிருமி நீக்கம் செய்து பொருத்தினார்கள். பல ஊர்களில் செய்த ஆபரேஷன்களின் முடிவுகளைத் தொகுத்து 2003-இல் வெளியிட்டார்கள். வெளியிட்ட இடம் பெரிய சங்கத்தின் சொந்த ஆய்விதழ். பிரிந்துபோன பிள்ளையின் கட்டுரைக்குத் தாய்வீடு பக்கம் ஒதுக்கியதைப் பாராட்டத்தான் வேண்டும்.

கொசுவலையை மனித வயிற்றுக்குள் வைப்பதா என்று முகம் சுளித்தவர்களுக்குப் பதில் உகாண்டாவிலிருந்து வந்தது. சுவீடன் ஆய்வாளர் ஜென்னி லோஃப்கிரென் குழுவினர் அங்கே 302 ஆண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கம்பெனி வலையும் மறுபாதிக்குக் கொசுவலையும் வைத்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால் கொசுவலைக்காரர்களில் ஒரே ஒருவருக்குத்தான் ஹெர்னியா திரும்பியிருந்தது, மற்ற பாதியில் யாருக்கும் இல்லை. புள்ளியியல் கணக்கில் இது வித்தியாசமே இல்லை. விலையிலோ ஒரு டாலருக்கும் 125 டாலருக்கும் உள்ள வித்தியாசம். 2016-இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இது வந்தது. இந்த வகை ஆய்வுகளுக்குப் பயன்பட்ட கொசுவலை நம் கரூரில் தயாரானது என்பது தமிழ் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

லேப்ராஸ்கோப்பியிலும் இதே புத்திதான் வேலை செய்தது. பொதுவாக வயிற்றுக்குள் கரியமில வாயுவை ஏற்றி உப்பவைத்து, அந்த இடைவெளியில் கேமராவை விட்டு ஆபரேஷன் செய்வார்கள். அதற்கு வாயு சிலிண்டர் வேண்டும், முழு மயக்கம் வேண்டும், அதைக் கொடுக்க நிபுணர் வேண்டும். வேலூர் சி.எம்.சி.யில் சிறுநீரக அறுவை பயின்று வடகிழக்கு மாநிலங்களில் உழைத்த ஜே. ஞானராஜ், வாயுவே இல்லாமல் வயிற்றுச் சுவரை ஒரு வளையத்தால் மேலே தூக்கிப் பிடித்துச் செய்யும் முறையைப் பரப்பினார். முதுகில் போடும் ஊசியே போதும். கிராமப்புறச் சங்கத்தோடு சேர்ந்து இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகம் அதற்கான கருவியைச் செம்மைப்படுத்தியது. வழக்கமாக அங்கிருந்துதான் இங்கே பாடம் வரும். இந்த முறை பாடம் இங்கிருந்து போனது. ஆண்டுதோறும் இப்படிப்பட்ட கண்டுபிடிப்புக்குச் சங்கம் கொடுக்கும் விருதில் ஆன்டியாவின் பெயர் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்த மருத்துவத்தின் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்கக் கூடலூருக்குப் போகலாம். 1990-இல் அங்கே ஆதிவாசி மருத்துவமனையைத் தொடங்கிய சர்ஜன் நந்தகுமார் மேனனும் மகப்பேறு மருத்துவர் ஷைலா தேவியும் அமெரிக்கப் பயிற்சியை விட்டுவிட்டு நீலகிரிக் காட்டுக்கு வந்தவர்கள். பணியர், காட்டுநாயக்கர் வீட்டுப் பெண்கள் அங்கே நர்ஸ்கள்.

அவ்வளவு தூரம் எதற்கு, வத்தல்மலை இருக்கும் அதே தர்மபுரி மாவட்டத்தின் கிழக்குக் கோடியில் சிட்லிங்கி இருக்கிறது. கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவிலுள்ள பள்ளத்தாக்கு. மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993-இல் அங்கே ஒரு கூரைக் கொட்டகையில் மருத்துவம் பார்க்கத் தொடங்கியபோது பக்கத்து ஆஸ்பத்திரி ஐம்பது கிலோமீட்டர் தள்ளி அரூரில். ஆபரேஷன் என்றால் சேலம் போக வேண்டும். பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. இன்று அந்த எண்ணிக்கை இருபதை ஒட்டி இறங்கியிருக்கிறது. கொட்டகை இருந்த இடத்தில் ஆபரேஷன் தியேட்டரோடு மருத்துவமனை நிற்கிறது. அங்கே கருவிகளை எடுத்துக் கொடுப்பவர்கள் உள்ளூர் மலையாளிப் பழங்குடிப் பெண்கள்.

உலகம் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கக் கொஞ்சம் நாள் பிடித்தது. 2015-இல் லான்செட் இதழ் அமைத்த ஆணையம், பாதுகாப்பான, கட்டுப்படியாகிற அறுவை சிகிச்சை உலகில் 500 கோடிப் பேருக்கு எட்டவில்லை என்றது. சிசேரியன், வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷன், எலும்பு வெளியே தெரியும் முறிவுக்கு வைத்தியம். இந்த மூன்றும் இரண்டு மணி நேரத்துக்குள் கிடைக்க வேண்டும் என்பது அது வைத்த அளவுகோல். சேவாகிராமத்தில் கூடியவர்கள் இருபது ஆண்டுகளுக்கு முன்பே பேசியதும் இதுதான்.

எல்லாவற்றிலும் இவர்கள் ஜெயித்துவிடவில்லை. ஒரே சர்ஜன் எல்லா அவசர ஆபரேஷனையும் செய்யக் கற்றுத்தரும் கிராமப்புற அறுவை மருத்துவப் பட்டப்படிப்பைத் தேசியத் தேர்வு வாரியம் கொண்டுவந்தது. அது நிலைக்கவில்லை. எல்லாம் தெரிந்தவர் என்ற பட்டத்துக்குச் சந்தையில் மதிப்புக் குறைவு.

இதைவிடப் பெரிய அடி ரத்தத்தில் விழுந்தது. முன்பெல்லாம் சிற்றூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் தேவைப்பட்டால் உறவினரை அழைத்து, வகை பார்த்து, நோய்த்தொற்றுக்குச் சோதித்து, எடுத்து உடனே ஏற்றிவிடுவார்கள். ரத்த வங்கிகளின் முறைகேடுகளைப் பற்றிய வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1998 முதல் காசுக்கு ரத்தம் விற்பது தடைசெய்யப்பட்டது. உரிமம் பெற்ற ரத்த வங்கி மூலம் மட்டுமே ரத்தம் என்ற விதியும் இறுகியது. நல்ல நோக்கம்தான். ஆனால் ரத்த வங்கி வைக்கக் குறைந்தது 100 சதுர மீட்டர் இடமும், ஏ.சி.யும், தனி மருத்துவரும் வேண்டும். பத்துப் படுக்கை ஆஸ்பத்திரி எங்கே போகும்? பிறகு ரத்தச் சேமிப்பு மையங்களுக்கு வழி திறந்தது. அதற்கும் ஒரு தாய் வங்கி பக்கத்தில் இருக்க வேண்டும். பிரசவத்தில் ரத்தம் கொட்டுகிற பெண்ணின் கட்டிலருகே அதே வகை ரத்தத்தோடு தம்பி நிற்பான், சட்டப்படி டாக்டர் அவனிடமிருந்து எடுக்க முடியாது. எல்லைப் பகுதியிலும் களத்திலும் உள்ள ராணுவ மருத்துவமனைகளுக்கு மட்டும் விதியில் விலக்கு உண்டு. அதே விலக்கை, சோதனைகளுக்கான கட்டுப்பாடுகளோடு, ஒதுக்குப்புற ஆஸ்பத்திரிகளுக்கும் கொடுங்கள் என்பது கிராமப்புறச் சங்கத்தின் பல ஆண்டுக் கோரிக்கை.

2020 நவம்பரில் ஆயுர்வேத முதுகலை மாணவர்கள் 58 வகை அறுவை சிகிச்சைகள் செய்யலாம் என்ற அறிவிப்பு வந்தபோது பெரிய சங்கம் ஒரே குரலில் எதிர்த்தது. கத்தியை யார் பிடிக்கலாம் என்பதில் தொழில்முறைச் சங்கம் கறாராக இருப்பது நியாயம். அந்தக் குரலில் பாதியை, கத்தியும் ரத்தமும் எட்டாத ஊர்களுக்காகவும் எழுப்பியிருந்தால் கிராமப்புறச் சங்கம் தனியாக மன்றாட வேண்டியிருந்திருக்காது. ஆள்பலமும் செல்வாக்கும் சேப்பாக்கத்தில்தான் இருக்கின்றன.

ரத்தம் பற்றிய விதியைத் திருத்துவது மத்திய அரசின் வேலை. பரிந்துரைப்பதற்குத் தமிழக அரசுக்குத் தடை ஏதுமில்லை. சேப்பாக்கத்துச் சங்க அலுவலகத்திலிருந்து கோட்டைக்கு மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. சிற்றூர் சர்ஜன்களையும் கூட்டிக்கொண்டு அடுத்த தலைவர் ஒருமுறை அங்கே போய்வர வேண்டும்.