வழுநீக்கியின் வழு: தொகுப்பிப் பதிப்புகளும் பின்னடைவுச் சோதனையும்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில், பத்மதீர்த்தக் குளத்தை நோக்கி நிற்கும் பழங்கட்டடத்தின் மேல் ‘மேத்தன் மணி’ என வழங்கும் கடிகாரம் ஒன்று உண்டு. மணி அடிக்கும்போது தாடியுடைய முகம் ஒன்று வாய் திறக்க, இரு மருங்கிலும் உள்ள ஆட்டுக்கடாக்கள் அதன் கன்னங்களில் முட்டுமாறு அது அமைக்கப்பட்டது. அதனைப் பார்த்து ஒருவர் தம் கைக்கடிகாரத்தைச் சரிபார்ப்பதாகக் கொள்வோம். இரண்டும் ஒத்திருப்பின் அவர் ஐயமின்றிச் செல்வார். வேறுபடின், எது தவறியது என்பதை அவ்விரண்டை மட்டும் கொண்டு துணிய இயலாது. மூன்றாவது கடிகாரம் ஒன்று வேண்டும். கணிப்பொறி நிரல்களை ஆராயும் கருவியாகிய வழுநீக்கிக்கும், அந்நிரல்களை ஆக்கித்தரும் தொகுப்பிக்கும் இடையே எழும் வழக்கு இத்தகையது. அவ்வழக்கைத் தீர்க்கும் முறையையும், தமிழில் எழுதப்படும் நிரல்களுக்கு அதில் உள்ள பங்கையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தொகுப்பியும் வழுநீக்கியும்

மாந்தர் எழுதும் மூலநிரலைப் பொறி அறியும் கட்டளைகளாக மாற்றுவது தொகுப்பி, ‘கம்பைலர்’ என்பர். ஓடிக்கொண்டிருக்கும் நிரலை வேண்டிய வரியில் நிறுத்தி, அவ்வேளையில் எந்த மாறி எம்மதிப்பைக் கொண்டுள்ளது, எந்தச் செயற்கூறு எதனை அழைத்தது என்பனவற்றைக் காட்டுவது வழுநீக்கி. ‘டீபக்கர்’ என்பது அதன் வழக்குப் பெயர். வழுநீக்கி தானாக எதனையும் நீக்குவதில்லை. வழு இருக்கும் இடத்தைக் காட்டுவதே அதன் தொழில். ஆயினும் இப்பெயர் நிலைத்துவிட்டது.

பொறிமொழியில் மாறிகளின் பெயர்களும் வரி எண்களும் இருப்பதில்லை. அவற்றை வழுநீக்கி எங்ஙனம் அறிகிறது எனின், தொகுப்பி தான் செய்த மாற்றத்தைப் பற்றி எழுதிவைக்கும் குறிப்புகளைப் படித்தே அறிகிறது. இன்ன முகவரியில் உள்ள கட்டளை இன்ன வரியிலிருந்து பிறந்தது, இன்ன மாறி இந்நேரத்தில் இன்ன இடத்தில் உள்ளது என்பன போன்றவை அக்குறிப்புகள். அவற்றை எழுதுதற்குரிய நெறிகளுள் இன்று பரவலாக வழங்குவது ‘டுவார்ஃப்’ என்பதாகும். அதன் இரண்டாம் பதிப்பு 1993-இலும், மூன்றாவது 2005-இலும், நான்காவது 2010-இலும், ஐந்தாவது 2017-இலும் வெளிவந்தன.

எனவே வழுநீக்கி கூறும் ஒவ்வொரு செய்தியும் தொகுப்பி கூறக் கேட்டதேயாகும். தொகுப்பி புதிய பதிப்பாக வெளிவரும்போது அது குறிப்பெழுதும் முறையும் சிறிது மாறும். வழுநீக்கியில் ஓர் எழுத்தும் மாறாதிருக்க, நேற்றுச் சரியாகக் காட்டியது இன்று பிழையாகக் காட்டக்கூடும். முன்னர்ச் சரியாக இருந்த ஒன்று பின்னர்ப் பிழைபடுவதைப் பின்னடைவு என்றும், அதனைக் கண்டறிய முன்பு செய்த சோதனைகள் அனைத்தையும் மீண்டும் மீண்டும் நடத்திப் பார்ப்பதைப் பின்னடைவுச் சோதனை என்றும் குறிக்கலாம்.

2001-ஆம் ஆண்டின் மாற்றம்

இதற்குத் தக்க சான்றாக நிற்கும் ஆண்டு 2001. ‘ஜிடிபி’ எனப்படும் வழுநீக்கியை ரிச்சர்ட் ஸ்டால்மன் முதன்முதல் எழுதியது 1986-இல். அவர் தொடங்கிய ‘ஜிசிசி’ என்னும் தொகுப்பி 1987-இல் வெளிவந்தது. 2001 ஜூலை 20 அன்று இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டபோது அவர் இந்நகருக்கு வந்திருந்தார். அதற்கு ஏறத்தாழ ஒரு திங்கள் முன்னர், ஜூன் 18 அன்று, ஜிசிசி-யின் 3.0 பதிப்பு வெளியாகியிருந்தது.

சி++ மொழியைப் பொறுத்தவரை அப்பதிப்பு ஒரு பெரும் பிரிவுக்கோடு. அம்மொழியில் ஒரே பெயருடைய செயற்கூறுகள் பல இருக்கலாம். அவை ஏற்கும் உள்ளீடுகளின் வகையால் வேறுபடும். அவற்றைப் பிரித்தறியத் தொகுப்பி ஒவ்வொரு பெயரையும் திரித்து எழுதுகிறது. பழைய முறையில் பெயர் முன்னும், இரண்டு அடிக்கோடுகளுக்குப் பின் உள்ளீட்டு வகைகளைக் குறிக்கும் எழுத்துகள் பின்னும் வந்தன. புதிய முறையிலோ, ஓர் அடிக்கோடும் ‘இசட்’ என்னும் எழுத்தும் முன் வர, அடுத்துப் பெயரின் நீளம் எண்ணாகவும், அதன்பின் பெயரும், இறுதியில் வகையெழுத்துகளும் அமைந்தன. பெயர்த்திரிபு மட்டுமன்றி, பொருள்கள் நினைவகத்தில் அமையும் முறையும், மரபுரிமையால் வரும் செயற்கூறுகளைத் தேடும் அட்டவணையும் மாறின. பழைய மரபை மட்டும் அறிந்த வழுநீக்கி புதிய நிரலின் முன் எழுத்தறியாதான்போல் நின்றது. அதற்குப் புதிய மரபைக் கற்பிக்கத் தனிப்பகுதி எழுதப்பட்டது. பழைய பதிப்பால் தொகுக்கப்பட்ட நிரல்களும் புழக்கத்தில் இருந்தமையால் பழைய மரபையும் கைவிட இயலவில்லை. ஒரே வழுநீக்கியைப் பழைய தொகுப்பியின் நிரல்களிலும் புதிய தொகுப்பியின் நிரல்களிலும் வைத்துச் சோதிக்கும் தேவை அன்று கண்கூடாயிற்று.

வழாநிலை, வழு, வழுவமைதி

ஜிடிபி-யின் சோதனைத் தொகுதி ‘டெஜாக்னு’ என்னும் சட்டகத்தின்மேல் அமைந்தது. அதன் வினைமுறை எளியது. சிறு நிரல் ஒன்றைத் தொகுக்கும்; வழுநீக்கியை இயக்கும்; மனிதர் தட்டச்சு செய்வதுபோல் ஒரு கட்டளையை இடும்; வரும் விடையை எதிர்பார்த்த விடையோடு ஒப்பிடும். இத்தகைய ஒப்பீடுகள் இன்று பல பத்தாயிரம் உள்ளன.

ஒப்பீட்டின் முடிவு சரி, தவறு என்னும் இரண்டோடு நிற்பதில்லை. இலக்கண நூலார் வழாநிலை, வழு, வழுவமைதி எனப் பகுத்தது இவ்விடத்தே நினைவுக்கு வருகிறது. எதிர்பார்த்தபடி விடை வருவது வழாநிலை. வாராதது வழு. தவறே ஆயினும் காரணம் அறியப்பட்டு, தொகுதியில் அவ்வாறே குறித்துவைக்கப்பட்டது வழுவமைதி போன்றது. இம்மூன்றாம் வகையை ஜிடிபி மேலும் இரண்டாகப் பிரிக்கிறது. வழுநீக்கிக்குப் புறத்தே, அதாவது தொகுப்பியிலோ இயக்க அமைப்பிலோ உள்ள குறையால் வருவது ‘எதிர்பார்த்த தோல்வி’. வழுநீக்கியிலேயே உள்ள குறையால் வருவது ‘அறிந்த தோல்வி’. இதனோடு அக்குறையின் பதிவு எண்ணும் எழுதப்படும். முதலதற்கு இன்ன தொகுப்பி, இன்ன பதிப்பு என்னும் நிபந்தனையும் இடலாம். (இலக்கணத்தில் அமைதி பெற்றது வழக்காகவே நிலைபெறும், இங்கோ அமைதி பெற்றதும் கண்காணிப்பில் உள்ள குற்றமே. ஒப்புமையை இவ்வெல்லைக்கு மேல் இழுத்தல் தகாது.)

இப்பகுப்பில் பழியை யார்மேல் வைப்பது என்பதே அரிய கேள்வி. ஒரு சோதனை தொகுப்பியின் பழைய பதிப்பில் தேறிப் புதிய பதிப்பில் தோற்றால், புதிய தொகுப்பி பிழைபட்டது என உடனே கூறத் தோன்றும். அது பெரும்பாலும் அவசர முடிவு. புதிய தொகுப்பி நெறிக்கு முற்றும் இயைந்த வேறொரு வடிவில் குறிப்பெழுத, வழுநீக்கி அவ்வடிவை அறியாதிருக்கலாம். பழைய தொகுப்பியின் பிழையும் வழுநீக்கியின் பிழையும் ஒன்றையொன்று ஈடுசெய்து இதுவரை சரியான விடையைத் தந்திருக்கலாம். சோதனையை எழுதியவரே ஒரு தொகுப்பியின் பழக்கத்தை விதியெனக் கருதியிருக்கலாம். ஒரு செயற்கூறு முடியும்போது வழுநீக்கி அதன் இறுதி அடைப்புக்குறியில் நிற்குமா, அழைத்த வரிக்கே திரும்புமா என்பது இவ்வகைப் பழக்கமே.

ஏடுகளை ஒப்பிட்டுப் பதிப்பிப்போர் இவ்விடர்ப்பாட்டை நன்கறிவர். 1950-களின் முற்பகுதியில் இந்நகரத்துத் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறைக்குத் தலைமை தாங்கிய எஸ். வையாபுரிப்பிள்ளை போன்றோர் பாடவேறுபாடு கண்டவிடத்துப் பழைய ஏடு என்பதனாலேயே ஒன்றை ஏற்பதும், தனித்து நிற்பது என்பதனாலேயே மற்றொன்றைத் தள்ளுவதும் பதிப்பு முறை ஆகா. எந்த ஏடு எதனைப் பார்த்து எழுதப்பட்டது என்னும் உறவை முதலில் காணவேண்டும். சோதனையிலும் அவ்வாறே. ஒரு வழுநீக்கியைப் பல தொகுப்பிப் பதிப்புகளோடும், ஒரு தொகுப்பியைப் பல வழுநீக்கிப் பதிப்புகளோடும், ஒவ்வொன்றையும் குறிப்பெழுதும் நெறியை மாற்றியும் ஓட்டி, முடிவுகளைக் கட்டங்களில் நிரப்பி ஒப்பிடுதல் வேண்டும். ஒரு நிரை முழுவதும் மாறினால் வழுநீக்கியின்மேலும், ஒரு நிரல் முழுவதும் மாறினால் தொகுப்பியின்மேலும் ஐயம் செல்லும். ஐயமே அன்றி முடிபு அன்று.

முடிபுக்கு உதவும் மூன்றாவது கடிகாரம் ஒன்றும் உண்டு. ஜிடிபி-யின் தொகுதியில் ஒரு பகுதிச் சோதனைகள் தொகுப்பியின் குறிப்பை நம்புவதில்லை. டுவார்ஃப் குறிப்புகளைச் சோதனை எழுதுவோரே கையால் வகுத்து அளிக்கின்றனர். அங்கே குறிப்பு இன்னது என்பது ஐயத்திற்கு இடமின்றித் தெரிந்தது. ஆகவே விடை தவறின் தவறியது வழுநீக்கியே. இம்முறையே இத்துறையின் தலைசிறந்த உத்தி என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

பொய்யான விடையும் விடையின்மையும்

இவ்வளவு முயற்சி எதற்கு என ஒருவர் வினவலாம். இக்கட்டுரையாளர் ஒருமுறை சொல்லடைவு தயாரிக்கும் நிரல் ஒன்றை ஆராய நேர்ந்தது. அதில் சொற்களை எண்ணும் மாறியின் மதிப்பு 0 என்றே வழுநீக்கி காட்டிக்கொண்டிருந்தது. அம்மாறியைச் சுற்றியே இரண்டு நாள் தேடியும் பயனில்லை. அதே மூலநிரலைத் தொகுப்பியின் முந்தைய பதிப்பால் தொகுத்தபோது மதிப்பு சரியாகத் தோன்றியது. எண்ணிக்கையில் வழு இல்லை. உண்மையான வழு அகரவரிசைப்படுத்தும் பகுதியில் இருந்தது. நோயில்லாத உறுப்பை நோயுற்றதாகக் காட்டிய கருவி, நோயுற்ற உறுப்பை மறைத்துவிட்டது.

விரைவுக்காகத் தொகுப்பி செய்யும் உகப்பாக்கத்தால் மாறிகள் இடம் மாறுவதும், அறவே நீங்குவதும் இதற்குப் பெருங்காரணம். நீங்கிய மாறியைக் கேட்டால் ‘உகப்பாக்கத்தால் நீக்கப்பட்டது’ என்று கூறுவது நேர்மையான விடை. பழைய மதிப்பைக் காட்டுவது பொய். 2010-இல் வந்த ஜிசிசி 4.5, உகப்பாக்கத்தின் ஊடே மாறிகளைப் பின்தொடரும் முறையைப் பெரிதும் திருத்தியது. ஆயினும் சோதனைத் தொகுதியின் பெரும்பகுதி உகப்பாக்கமின்றியே ஓட்டப்படுகிறது. உழைப்போர் பயன்படுத்தும் நிரல்களோ உகப்பாக்கத்தோடு வருகின்றன.

நெறி மாற்றத்தின் விளைவும் சிறிதன்று. ஜிசிசி 4.8 (2013) டுவார்ஃப் நான்காம் பதிப்பையும், ஜிசிசி 11 (2021) ஐந்தாம் பதிப்பையும் இயல்பு நெறியாக ஏற்றன. ‘ஸ்டாப்ஸ்’ என்னும் பழைய நெறியை எழுதும் வசதி ஜிசிசி 13-இல் (2023) நீக்கப்பட்டது.

கிழக்கேகோட்டைக்கு வடக்கே வெள்ளையம்பலத்தில் உள்ள சி-டாக் நிறுவனம் ‘வேகா’ என்னும் நுண்செயலி வரிசையை ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத்தொகுதியின்மேல் வடிவமைத்துள்ளது, சென்னை ஐ.ஐ.டி.யின் ‘சக்தி’யும் அக்கட்டளைத்தொகுதியைச் சார்ந்ததே. அக்கட்டளைத்தொகுதிக்கான வசதி ஜிசிசி-யில் 2017-இல், ஏழாம் பதிப்பில் சேர்ந்தது. புதிய செயலியில் ஒரு நிரல் தவறினால் ஐயத்திற்குரியன இரண்டல்ல. நிரல், தொகுப்பி, வழுநீக்கி, செயலி என நான்கு. செயலியை ஐயுறுவதற்கு முன் ஏனைய கருவிகள் பல பதிப்புகளில் சோதிக்கப்பட்டிருத்தல் இன்றியமையாதது.

தமிழ்ப் பெயர்கள்

தமிழிலேயே மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் பெயரிடுதல் இன்று இயலும். யூனிகோடு எழுத்துகளை உள்ளவாறே பெயர்களில் எழுதும் வசதியை ஜிசிசி 10 (2020) அளித்தது. அதனால் ‘கூட்டு’ என்று ஒரு செயற்கூறுக்குப் பெயரிடலாம். நமக்கு அது மூன்றெழுத்து. யூனிகோட்டில் க, ஊகாரக் குறி, ட, புள்ளி, ட, உகரக் குறி என ஆறு குறியீடுகள். யுடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு, ஆகப் பதினெட்டு. முற்கூறிய பெயர்த்திரிபில் நீளமாக எழுதப்படுவது 3 அன்று, 6-உம் அன்று, 18 ஆகும்.

‘கொடி’ என்னும் பெயர் இன்னும் சிக்கலானது. ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். எகரக் குறி, கால் என இரண்டாகவும் எழுதலாம். விசைப்பலகை மென்பொருளைப் பொறுத்து இது வேறுபடும். முதல் வடிவம் 12 பைட்டு, இரண்டாவது 15. திரையில் இரண்டும் ஒன்றே. இரண்டாம் வடிவுக்கு ஜிசிசி எச்சரிக்கை தருகிறது, தடுப்பதில்லை. ஆகவே நிரலில் ஒரு வடிவும் வழுநீக்கியின் முன் மற்றொரு வடிவும் தட்டச்சு செய்யப்படின், பைட்டுகளை ஒப்பிட்டுத் தேடும் கருவி அப்பெயர் இல்லை என்றே விடையிறுக்கும்.

இவ்வழுக்கள் இதுவரை பெரிதும் பேசப்படாமைக்குக் காரணம் உண்டு. சோதனைத் தொகுதி நெடுங்காலம் ஆங்கில எழுத்துகளை மட்டும் அறிந்த எளிய மொழிச்சூழலிலேயே ஓட்டப்பட்டது. அச்சூழலில் ‘க’ என்னும் எழுத்து 340, 256, 225 என்னும் எண்மக் குறிகளாகவே காட்சியளிக்கும். யுடிஎஃப்-8 பெயர்களுக்கெனத் தொகுதியில் ஒரு சோதனை உண்டு. அது ‘செயற்கூறு’ என்னும் பொருளுடைய போர்த்துகீசியச் சொல்லைக் கொண்டது. அச்சொல்லின் சிறப்பெழுத்துகள் ஒவ்வொன்றும் ஒரே குறியீடு. தமிழின் உயிர்க்குறியும் புள்ளியும் போல் முன்னெழுத்தைச் சார்ந்து வருவன அல்ல. அது தேறினும் தமிழ் தேறியதாகாது.

தமிழுக்கென ஒரு சிறு சோதனை எழுதுதல் கடினமன்று. ‘கூட்டு’ என்னும் செயற்கூறில் நிறுத்தப்புள்ளி இட இயல்கிறதா, அழைப்பு வரிசையில் அப்பெயர் சிதையாது தோன்றுகிறதா, பெயரின் முதற்பகுதியைத் தட்டச்சு செய்து நிறைவு செய்யக் கேட்டால் புள்ளிக்கும் மெய்க்கும் இடையே பெயர் வெட்டுப்படாது வருகிறதா, ‘கொடி’யின் இரு வடிவும் ஒரு மாறியையே சுட்டுகின்றனவா என்னும் நான்கு வினாக்கள் போதும். அவற்றை ஜிசிசி 10, 11, 13 ஆகியவற்றிலும், ‘கிளாங்’ தொகுப்பியிலும், டுவார்ஃப் நான்கு, ஐந்து ஆகிய நெறிகளிலும் ஓட்டலாம். நான்காம் வினா எல்லாக் கட்டங்களிலும் தோற்கும் என எதிர்பார்க்கலாம். தொகுப்பி எச்சரித்துவிட்டமையால் அதனை எதிர்பார்த்த தோல்வி எனக் குறிக்கச் சிலர் விழைவர். பெயரைத் தேடுவது வழுநீக்கியின் பணியாதலின், அறிந்த தோல்வி எனக் குறித்துப் பதிவு எண் பெறுவதே பொருந்தும்.