ஆஸ்துமா, ஒவ்வாமை மூக்கழற்சி ஆய்வில் பங்கேற்கும் முன் அறிய வேண்டியவை

ஆஸ்துமாவும் ஒவ்வாமை மூக்கழற்சியும் பலருக்குச் சேர்ந்தே காணப்படுகின்றன. தொடர் தும்மல், மூக்கடைப்பு உள்ளவர்களுக்கு ஆஸ்துமா ஏற்படும் வாய்ப்பும் அதிகம். ஆகவே இவ்விரு நோய்களையும் இணைத்து ஆராயும் மருத்துவ ஆய்வுகளுக்குத் தன்னார்வலர்கள் அழைக்கப்படுகின்றனர்.

தகுதி எவ்வாறு அறியப்படுகிறது?

ஒவ்வோர் ஆய்வுக்கும் வயது, நோயின் கடுமை முதலிய வரையறைகள் உண்டு. புகைப்பிடிப்போரும் கர்ப்பிணிகளும் பல ஆய்வுகளில் சேர்க்கப்படுவதில்லை. நுரையீரலின் செயல்திறனை அறிய ஸ்பைரோமெட்ரி சோதனை செய்யப்படும். இதில் கருவியினுள் பலமாக ஊத வேண்டும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை உறிஞ்சிய பின் மீண்டும் ஊத வேண்டும். ஒவ்வாமையை அறிய, தூசிப்பூச்சி, மகரந்தம் போன்றவற்றின் சாற்றைத் தோலில் துளியாக இட்டு, மெல்லிய ஊசியால் குத்துவர். 15 முதல் 20 நிமிடங்களில் அவ்விடம் தடித்தால், அப்பொருளுக்கு உடல் கூருணர்வு கொண்டுள்ளது எனப் பொருள்.

மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்

ஒவ்வாமை மாத்திரைகள் தோல் சோதனையின் முடிவை மறைத்துவிடும்; உறிஞ்சு மருந்துகள் ஸ்பைரோமெட்ரி அளவுகளை மாற்றிவிடும். எனவே சில மருந்துகளைத் தற்காலிகமாக நிறுத்துமாறு கூறப்படலாம். எதை, எத்தனை நாள் நிறுத்துவது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். ஆய்வில் இடம் பெறும் ஆவலில் இன்ஹேலரைத் தாமாகவே நிறுத்துவது கடும் மூச்சுத்திணறலுக்கு வழிவகுக்கும். அவசர கால இன்ஹேலர் எப்போதும் உங்களிடம் இருக்கட்டும்.

உங்கள் உரிமைகள்

இந்தியாவில் மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகள் 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளுக்கு உட்பட்டவை. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்று, இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவான பின்னரே பங்கேற்பாளர்களைச் சேர்க்க இயலும். ஆய்வினால் பாதிப்பு நேர்ந்தால் இலவச சிகிச்சையும், விதிகளின்படி இழப்பீடும் பெறலாம். காரணம் கூறாமலேயே எந்நேரமும் விலகலாம். அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது.

கையொப்பமிடும் முன் கேளுங்கள்

• ஆய்வின் பதிவு எண் யாது?
• எனக்கு மருந்தற்ற போலி மாத்திரை அளிக்கப்படுமா?
• ஆய்வுக் காலத்தில் என் வழக்கமான மருந்துகள் தொடருமா?
• இரவில் மூச்சுத்திணறினால் யாரை அழைப்பது?

ஒப்புதல் படிவத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் பெற்று, வீட்டாருடன் கலந்து பேசி முடிவெடுங்கள். கையொப்பமிட்ட படிவத்தின் நகலைக் கேட்டுப் பெறுங்கள்.