பூசணமா? பீரங்கி ஐயா, பீரங்கி!

மும்பை தாராவியின் லெதர் கடையில் ஜூலை மாதம் போய் 'பூசணம்' என்று சொல்லிப் பாருங்கள், கடைக்காரர் முகம் சுண்டிவிடும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம்கள் இங்கே தோல் பதனிடும் ஷாப்புகளைத் தொடங்கியபோதே பூசணமும் கூட வந்து குடியேறியிருக்கும். பதனிடும் வேலை பெரும்பாலும் வெளியேறிவிட்டது. பையும் பெல்ட்டும் தைப்பது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

பையில் படர்ந்த பச்சைத் திட்டில் செலோ டேப்பை ஒட்டி எடுத்து நுண்ணோக்கியில் வையுங்கள். அடடா! ஆஸ்பர்ஜில்லஸ்! மெல்லிய காம்பு, உச்சியில் ஒரு உருண்டை, அதைச் சுற்றிச் சரம் சரமாக ஸ்போர்கள். லேசாகக் காற்று பட்டாலே கிளம்பிவிடும். (காய்ந்த துணியால் துடைக்கிறார்களே, அது துடைப்பது இல்லை, விதைப்பது. ஆஸ்துமாக்காரர்கள் மூக்கை மூடிக்கொள்ளவும்.) இந்த ஸ்போர்ப் பொடிதான் பூசணத்தின் விதை என்று காட்டியவர் இத்தாலியின் மிக்கேலி. முலாம்பழத் துண்டில் தூவி, அதே பூசணம் முளைப்பதைப் பார்த்து 1729இல் எழுதினார்.

தாராவியில் காற்று செய்யும் வேலையை மாட்டுங்காவில் தண்ணீர் செய்கிறது. ஃபைவ் கார்டன்ஸ் மாதிரி இடங்களில் பழைய மரத்தின் அடியில் தட்டு தட்டாக நீட்டிக்கொண்டிருக்கும் கானோடெர்மாக் காளானைத் தேடுங்கள். மாட்டுங்காக் கடையில் அப்போதுதான் அரைத்த காப்பிப் பொடியைத் தூவியது போல மேலே பழுப்புத் தூள் படிந்திருக்கும். வேடிக்கை என்னவென்றால், ஸ்போர்கள் புறப்படுவது அடிப்பக்கத்துத் துளைகளிலிருந்து! காற்று அவற்றைச் சுழற்றி மேலே கொண்டுவந்து போடுகிறது. இவ்வகையில் ஒரு பெரிய காளான் நாளொன்றுக்கு 3,000 கோடி ஸ்போர்களை உதிர்க்கும் என்பது புல்லர் என்ற ஆய்வாளரின் கணக்கு. துளைக்குள் நடப்பது இன்னும் ஜோர். ஸ்போரின் அடியில் ஒரு நீர்த்துளி திரளும். பக்கத்து ஈரப்படலத்தைத் தொட்டதும் இரண்டும் ஒன்றாகி, அந்த உலுக்கலில் ஸ்போர் எகிறும். எகிறும் தூரம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. எதிர்ச் சுவரில் ஒட்டாமல் நேரே கீழே விழ அது போதும். ஈரக் காற்றில் ஸ்போர்மேல் மறுபடி நீர் திரள்வதை 2015இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பார்த்தார்கள். மேகத்திலும் இப்படி நடந்தால் காளானே மழைக்கும் வித்திடலாம் என்பது அவர்கள் ஊகம்.

பீரங்கியைப் பார்க்க ஆரே காலனி மாட்டுத் தொழுவத்துக்குத்தான் போக வேண்டும். புதுச் சாணியைக் கண்ணாடி ஜாடியில் மூடி வையுங்கள். சில நாளில் பளிங்குக் காம்புகள் எழும்பும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கறுப்புத் தொப்பி. பைலோபோலஸ்! தொப்பிக்குக் கீழே நீர் நிறைந்து புடைத்த பை லென்ஸ் போல வெளிச்சத்தைக் குவிக்க, காம்பு சூரியன் பக்கம் திரும்பும். பை வெடித்ததும் தொப்பி 2 மீட்டர்வரை பறக்கும். கிளம்பும்போது முடுக்கம் புவியீர்ப்பைப்போல் 20,000 மடங்கு. மாடு தன் சாணிக்குப் பக்கத்துப் புல்லை மேயாதே, எட்டிப் போய் விழுந்தால்தானே அதன் வயிற்றுக்குள் போக முடியும்?

காலையில் ஜாடிப் பக்கம் காதை வைத்தால் 'டக், டக்' என்று கேட்கும். ஜாடி எதற்கு என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சமையலறையில் மட்டும் வைக்காதீர்கள்.