பீனிசமும் உப்பு நீரும்

சென்ற மழைக்காலத்தில் நெசவாளர் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். கூலி உயர்வைப் பற்றியோ நூல் ஒதுக்கீட்டைப் பற்றியோ எழுதப்பட்டதன்று அது. அவருடைய மனைவியார் ஊடைக்குத் தார் சுற்றுபவர். ஐந்து மாதங்களாக அவ்வம்மையாருக்கு ஓயாத மூக்கடைப்பு. கண்களுக்குக் கீழும் நெற்றியிலும் பாரம். குனிந்தால் மண்டை இடி. குழம்பு கொதிக்கும் மணமே தெரிவதில்லை. இரவெல்லாம் வாயால் மூச்சு விட்டு, விடியும்பொழுது நாக்கு வறண்டு எழுந்திருக்கிறார். அவர் படுத்துவிட்டால் தார் இல்லை. தார் இல்லையேல் தறி நிற்கிறது. "மருந்துக் கடையில் வாங்கிய சொட்டு மருந்து முதலில் கேட்டது, இப்பொழுது கேட்பதில்லை. உப்புத் தண்ணீர் விட்டு மூக்கைக் கழுவச் சொல்கிறார்கள். செய்யலாமா?" என்பதே அவருடைய கேள்வி.

செய்யலாம் என்றே பதில் எழுதினோம். ஆனால் எந்தத் தண்ணீர் என்பதில் உயிரே அடங்கியிருக்கிறது என்பதையும் உடன் எழுதினோம். இதே தொல்லை பஞ்சுத் தூசியில் உழைப்போர் பலருக்கும், களத்தில் நெல் தூற்றுவோருக்கும், மிளகாய் வற்றல் அள்ளுவோருக்கும் உண்டாதலின், அவ்விடையை இங்கே விரித்துச் சொல்லுகிறோம்.

மூக்கு வெறும் துளையன்று. அதனைச் சுற்றியுள்ள எலும்புகளுக்குள் நான்கு ஜோடிக் காற்றறைகள் உள்ளன: கன்னத்தில், நெற்றியில், இரு கண்களுக்கும் இடையில், இன்னும் ஆழத்தில். இவற்றையே சைனஸ் என்கின்றனர். மூக்கின் உட்புறத்தையும் இவ்வறைகளையும் ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. அது சளியைச் சுரக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிர்கள் அச்சவ்வின்மேல் வினாடிக்குப் பத்துத் தடவை அளவில் அசைந்து, சளியையும் அதில் ஒட்டிய தூசியையும் தொண்டைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. நாம் உறங்கும்பொழுதும் இவ்வேலை நிற்பதில்லை. ஜலதோஷத்தாலோ தூசியின் ஒவ்வாமையாலோ சவ்வு வீங்கினால் அறைகளின் வாயில் அடைபட்டு, சளி உள்ளேயே தேங்குகிறது. கன்னத்து அறையின் அமைப்பு விந்தையானது. ஏரிக்கு மடை அடியில் இருப்பதே முறை. இவ்வறைக்கோ மடை மேலே இருக்கிறது. ஆகவே நுண்மயிர்கள் சளியை மேல்நோக்கிச் சுமந்துதான் வெளியேற்ற வேண்டும். அவை சோர்ந்தால் பாரமும் வலியும் வந்து சேரும். பீனிசம் என்று நம் முன்னோர் வழங்கிய துன்பத்தில் பெரும்பகுதி இதுவே.

சொட்டு மருந்தைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் என்னும் பெயர்களுள் ஒன்று அச்சீசாவின்மேல் இருக்கும். இவை சவ்வின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, சில நிமிடங்களில் மூக்கைத் திறந்துவிடும். மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாளைக்குமேல் தொடர்ந்து விட்டால் மருந்தே அடைப்பை உண்டாக்கத் தொடங்கும். வேகம் தணிந்தவுடன் சவ்வு முன்னிலும் அதிகமாக வீங்கும். மீண்டும் சொட்டு, மீண்டும் வீக்கம். கடிதம் எழுதியவரின் வீட்டில் நடந்தது பெரும்பாலும் இதுவாகவே இருக்கவேண்டும் என்று நாம் கருதினோம். இரண்டு மாதங்களாக அந்தச் சீசா தலையணைக்கு அடியிலேயே இருந்ததாம்!

மூக்கைக் கழுவும் வழக்கம் இந்நாட்டிற்குப் புதிதன்று. ஹடயோக நூல்கள் சுத்திக் கிரியைகள் ஆறனுள் நேதியையும் ஒன்றாக வைத்திருக்கின்றன. நெசவாளர்க்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்று உண்டு. ஹடயோகப் பிரதீபிகை கூறும் நேதி நீரால் செய்வதன்று. ஒரு சாண் அளவான மெல்லிய நூலை மூக்கில் செலுத்தி வாய் வழியே எடுப்பது. அதனை யாரும் தார்க் குச்சியிலிருந்து நூலை எடுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டாம். இன்று மருத்துவர்கள் சொல்லுவது நீரால் கழுவும் முறையையே. கண்பார்வை கூடும், நினைவாற்றல் பெருகும் என்றெல்லாம் சிலர் இதற்குப் புகழ் பாடுகின்றனர். அவற்றை நாம் ஏற்பதற்கில்லை. தேங்கிய சளியையும் தூசியையும் வெளியேற்றி மூக்கைத் திறப்பதே இதன் பயன். அறைகளுக்குள் நீர் அதிகமாகப் புகுவதுகூட இல்லை. அவற்றின் வாயில்களைக் கழுவுவதோடு சரி.

அப்பயன் சிறிதன்று என்பதற்குச் சான்று உண்டு. நாட்பட்ட சைனஸ் தொல்லை உடையவர் 800 பேருக்கு மேற்பட்டோரை வைத்து இங்கிலாந்தில் நடத்திய ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2016-ல் வெளியாயிற்று. சிலரை மூக்கைக் கழுவச் செய்தனர். சிலரை ஆவி பிடிக்கச் செய்தனர். சிலரை இரண்டையும் செய்யச் சொன்னார்கள். எஞ்சியோர் வழக்கமான சிகிச்சையோடு இருந்தனர். கழுவியவர்களுக்கு ஆறு மாத முடிவில் தொல்லை ஓரளவு குறைந்திருந்தது. ஆவி பிடித்தவர்களுக்கோ தலைவலி சற்றுத் தணிந்ததேயன்றி வேறு பயன் காணப்படவில்லை. நொச்சி இலையிட்டு ஆவி பிடிப்பதில் நம் வீட்டுப் பெரியவர்களுக்குள்ள நம்பிக்கையை நாம் அறிவோம். அதனை இகழ எண்ணவில்லை. ஆயினும் கொதிக்கும் பானை கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோவது உண்டாதலால், இவ்விரண்டில் கழுவுதலே மேல் என்பது நம் கருத்து.

இனி நீரைப் பற்றிக் கூறுவோம். இப்பகுதியை மட்டும் வீட்டில் எல்லாரும் படிக்க வேண்டுகிறோம்.

குளம், கிணறு, குழாய் ஆகியவற்றின் நீரை அப்படியே மூக்கில் விடலாகாது. வெதுவெதுப்பான நன்னீரில் நெக்லேரியா ஃபௌலெரி என்னும் அமீபா வாழக்கூடும். அந்நீரைக் குடித்தால் அதனால் தீங்கில்லை. மூக்கின் உச்சிக்கு ஏறினால், மணத்தை உணரும் நரம்பு வழியே மூளையை அடைந்து அதனை அழிக்கிறது. இந்நோய் கண்டவர்களில் பிழைத்தோர் மிகச் சிலரே. 2011-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழாய் நீரை ஊற்றி மூக்கைக் கழுவிய இருவர், வெவ்வேறு மாதங்களில், இந்நோயால் மாண்டனர். நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில் 2024-லும் 2025-லும் அமீபாவால் வரும் மூளைக்காய்ச்சல் பலரைத் தாக்கிற்று; குளத்திலும் ஆற்றிலும் குளித்த சிறுவர்களும் அதற்கு இரையாயினர். இந்நோய் அரிதே. ஆயினும் ஐந்து நிமிட விறகுச் செலவில் தடுக்கக்கூடிய ஒன்றிற்கு உயிரைக் கொடுப்பானேன்? மூக்குக் கழுவும் நீரில் நாம் கலக்கும் உப்பு இந்த அமீபாவைக் கொல்லாது. துணியில் வடிகட்டினாலும் அது நிற்காது. சுத்திகரித்து விற்கும் கேன் தண்ணீரும் குடிப்பதற்கு உரியதே. மூக்கில் விடுவதாயின் அதனையும் கொதிக்கவைக்க வேண்டும்.

நீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடம் கொதித்தால் போதும் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு நிலையத்தார் சொல்லுகின்றனர்; அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகமோ 3 முதல் 5 நிமிடம் வரை என்கிறது. ஐந்து நிமிடம் என்றே வைத்துக்கொள்வோம். பிறகு மூடியிட்டு, வெதுவெதுப்பாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டுப் பச்சைத் தண்ணீரை விளாவினால் கொதிக்கவைத்ததெல்லாம் வீண். மூடிவைத்த நீரை ஒரு நாளைக்குள் உபயோகித்துவிட வேண்டும்.

உப்பு ஏன் என்று கேட்கலாம். நாமே முதன்முறை உப்பின்றி, ஆறிய வெந்நீரை மட்டும் விட்டுப் பார்த்தோம். கண்ணில் நீர் தாரையாக வழிந்து, தும்மல் நிற்கக் கால்மணி ஆயிற்று. உடம்பின் நீரில் உள்ள அளவு உப்பு இல்லாத தண்ணீரைச் சவ்வு உறிஞ்சி வீங்குவதால் வரும் எரிச்சல் அது. ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு என்பது சரியான அளவு; தூளுப்பாயின் தேக்கரண்டியால் தலைதட்டி ஒன்றரைக் கரண்டி ஆகும். அதனுடன் அரைத் தேக்கரண்டி சமையல் சோடா சேர்த்தால் இன்னும் இதமாக இருக்கும். கல்லுப்பில் மண் கலந்திருக்கும். கட்டி பிடியாதிருக்கச் சேர்க்கும் பொருள்களும் அயோடினும் சிலருக்கு உறுத்தும். ஆகவே அயோடின் சேராத தூய தூளுப்பு நல்லது. அளந்து கட்டிய பொட்டலங்களும் மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன.

பாத்திரம் மூக்குள்ள சிறு கெண்டியாகவோ, கையால் அமுக்கும் பிளாஸ்டிக் சீசாவாகவோ இருக்கலாம். செம்பும் பித்தளையும் உப்பு நீரில் களிம்பேறுமாதலால் எவர்சில்வரே ஏற்றது. ஆளுக்கொரு பாத்திரம் வேண்டும். ஒருவருடையதை மற்றவர் தொடக்கூடாது. உபயோகித்தபின் கொதித்தாறிய நீரால் அலசிக் கவிழ்த்து உலர்த்த வேண்டும்.

முற்றத்திலோ தொட்டியின் அருகிலோ நின்று, முன்னே குனிந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்க்கவேண்டும். மேலே இருக்கும் நாசியில் கெண்டியின் மூக்கை வைத்து மெல்லச் சாய்த்தால், நீர் உட்புறமாகச் சுற்றி மற்ற நாசி வழியே வழியும். இடையில் வாயைத் திறந்து வாயாலேயே மூச்சு விட வேண்டும். பேசவும் விழுங்கவும் கூடாது. பேசினால் தொண்டைக்குள் இறங்கிப் புரைக்கேறும். ஒரு பக்கத்திற்கு அரைக் குவளை போதும், பிறகு மறுபக்கம். முடிந்ததும் குனிந்தபடியே சற்று நின்று, இரு நாசிகளையும் திறந்துவைத்து மெதுவாகச் சிந்த வேண்டும். ஒன்றை அழுத்தி மூடிக்கொண்டு பலமாகச் சிந்துவோருக்கு நீர் காதுக்கு ஏறும். காது வலியோடு நம்மிடம் குறைகூற வந்த நண்பர் ஒருவர் செய்தது இதுவே. படுக்கைக்குப் போகுமுன் ஒரு மணி நேரமேனும் இடைவெளி வேண்டும். நாளைக்கு ஒருமுறை செய்யலாம். தறியைவிட்டு இறங்கும் மாலை நேரம் தகுந்தது.

இது எல்லார்க்கும் உரியதன்று. மூக்கு முற்றிலும் அடைபட்டு ஒரு துளியும் மறுபுறம் வராதபோது வலிந்து விடலாகாது. காதில் சீழ் உள்ளவர், அடிக்கடி மூக்கில் இரத்தம் வருபவர், அண்மையில் மூக்கில் அறுவை செய்துகொண்டவர் ஆகியோர் மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும். அடங்கி நிற்காத சிறுகுழந்தைகளுக்குக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் நாற்றமுள்ள சளியோ இரத்தமோ வந்தால் கழுவிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. மேற்கடைவாய்ப் பல்லின் வேர் கெட்டு அதனால் கன்னத்து அறை சீழ் பிடிப்பதும் உண்டு. கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரட்டித்தல், கடுங்காய்ச்சலோடு பிடரி விறைத்தல் ஆகியவை கண்டால் அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும். 2021-ல் கொரோனாவின் இரண்டாம் அலையின்போது பரவிய கருப்புப் பூஞ்சை நோயை மறந்திருக்கமாட்டீர்கள். நீரிழிவு உள்ளவரின் மூக்கில் கருத்த பொருக்கு கண்டால் அதனை நினைவில் கொண்டு விரைய வேண்டும்.

மற்றொன்று. மூக்கைக் கழுவுவது நுரையீரலைக் காக்காது. பஞ்சுத் தூசி மார்புக்குள் இறங்கி உண்டாக்கும் இளைப்புக்கும் இந்த உப்பு நீருக்கும் சம்பந்தமில்லை. வாயையும் மூக்கையும் மூடும் கவசமும், தூசியை வெளியேற்றும் சன்னலும் இருந்தே தீரவேண்டும். விசைத்தறிக் கூடங்களில் சன்னல்களைச் சாத்திவைக்கும் வழக்கத்தைக் காணும்போதெல்லாம் நமக்கு வருத்தமே உண்டாகிறது.

கடிதம் எழுதிய அங்கத்தினருக்கு இவற்றையெல்லாம் எழுதி, மூன்று மாதத்திற்கு மேற்பட்ட தொல்லையாதலால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டும்படியும் வேண்டினோம். காட்டினார்கள். மருத்துவர் சொட்டு மருந்தை நிறுத்தச் சொல்லி, வேறொரு தெளிப்பு மருந்து கொடுத்து, கழுவுவதைத் தொடரச் சொன்னாராம். முதல் வாரம் அடைப்பு முன்னிலும் அதிகமாகி அம்மையார் சீசாவைத் தேடியதாகவும், கணவர் அதனை ஒளித்துவைத்ததாகவும் அடுத்த கடிதத்தில் கண்டோம். சென்ற மாதம் வந்த அஞ்சலட்டையில் நான்கே வரிகள். அடைப்பு முழுவதும் போய்விடவில்லை. தூசி மிகுந்த நாளில் பாரம் வருகிறது. ஆனால் தார் சுற்றுகிறார். இரவில் வாயை மூடிக்கொண்டு உறங்குகிறார். சென்ற வெள்ளிக்கிழமை அடுப்பில் குழம்பு அடிப்பிடித்ததை, கூடத்தில் இருந்தபடியே முதலில் அறிந்து எழுந்து ஓடியவர் அவர்தானாம்.